வரி எண் 240-இல் ஏழரைக்குப் பதில் எட்டு

கடித எண்: 2
நாள்: 14.9.2025, ஞாயிற்றுக்கிழமை
நேரம்: காலை மணி 9.20 (ஒன்பது மணி வானொலிச் செய்தியோடு சரிபார்த்தது)
இடம்: டத்தோ கிராமாட், ஜார்ஜ் டவுன், பினாங்கு

பொருள்: 21.8.1988 தேதியிட்ட என் கடித எண் 1-இல் காணப்படும் அரைமணி நேரப் பிழையும் அதன் திருத்தமும்

அன்பிற்குரிய தம்பி வாசு அவர்களுக்கு,

ச. தெய்வநாயகம் எழுதிக்கொள்வது. நான் நலமாக இருக்கிறேன். நேற்றுக் காலை மணி 8.05-க்கு எடுத்த இரத்த அழுத்தம் 138/82. எட்டு நாள்களுக்கு முன்புதான் உங்களைக் கடையில் நேரில் கண்டேன். ஆகவே நலம் விசாரிக்க வேண்டிய தேவை இல்லை. எனினும் கடிதத்தில் விசாரிப்பதே முறை என்பதால் விசாரிக்கிறேன். நலமா?

கடித எண் 2 என்று இட்டிருப்பதைக் கண்டு எண் 1 எது என்று நீங்கள் யோசிக்க மாட்டீர்கள். முப்பத்தேழு ஆண்டுகளில் நான் உங்களுக்கு எழுதியது அந்த ஒன்றுதான். ஆயினும் பதிவு முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சுருக்கம் தருகிறேன். 7.8.1988, ஞாயிறு, காலை மணி 10.40-க்கு உங்கள் அக்கா தனலெட்சுமி அம்மாள் வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் உங்கள் சாதகமும் வைத்த தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்து, என் தங்கை ஜெகதீஸ்வரியை உங்களுக்குக் கேட்டார். மறுநாளே நான் சொந்தமாக எழுதிய பொருத்த நிரலில் உங்கள் இருவரின் பிறந்த நாளையும் நேரத்தையும் இட்டு, கணினியை ஓட்டினேன். எட்டு எட்டு எண்பத்தெட்டு என்பதால் ஊரிலுள்ள சீனர்கள் பலரும் அன்று திருமணம் செய்துகொண்டிருந்தார்கள்; சாலை நெடுக ரிப்பன் கட்டிய காடிகள். எங்கள் வீட்டு அச்சுப்பொறி மட்டும் நாற்பது வினாடி கிறீச்சிட்டு, ஜெகதீஸ்வரி அஸ்தம், வாசு திருவோணம், இருவருக்கும் கழுத்து ரஜ்ஜு, ஒரே கயிறு, ஆகவே பொருந்தாது என்று அடித்துத் தள்ளியது. உங்களுக்கு எழுதப் பதின்மூன்று நாள் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அதே நிரலை அதே விவரங்களுடன் மேலும் மூன்று முறை ஓட்டிச் சரிபார்த்ததே. மூன்று முறையும் அதே விடை வந்தது. அதே நிரல் அதே விடையைத்தானே தரும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. கடிதம் கிடைத்ததும் 27.8.1988, சனிக்கிழமை, நீங்கள் நேரில் வந்தீர்கள். நான் தர்க்கத்துக்கு ஆயத்தமாக அச்சுத்தாளும் பஞ்சாங்கமுமாக உட்கார்ந்திருந்தேன். நீங்களோ, "விடுங்கண்ணே. மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும். ரிப்பேர் பண்ணது நாந்தானே" என்று சொல்லிவிட்டுக் கோப்பியை முழுவதுமாகக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனீர்கள். அதன்பின் நீங்கள் மாக் மண்டினில் பழுதுபார்க்கும் பட்டறை வேலையை விட்டு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்சந்தில் பழைய பொம்மைகளும் பழைய மின்சாதனங்களும் விற்கும் கடை வைத்ததும், ஒவ்வொரு மாதத்தின் முதல் சனிக்கிழமையும் நான் அங்கே வருவதும் நாம் இருவரும் அறிந்தவை. வால்வு ரேடியோவைப் பற்றிப் பேசியிருக்கிறோம், தொலைபேசி அட்டைகளைப் பற்றிப் பேசியிருக்கிறோம், கசிந்த பேட்டரியின் பச்சைக் கறையை எலுமிச்சைச் சாற்றால் எடுக்கலாமா கூடாதா என்று ஒரு முழு ஆண்டு பேசியிருக்கிறோம். கடித எண் 1-ஐப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

இப்போது நிகழ்ந்தவற்றுக்கு வருகிறேன். 6.9.2025, சனிக்கிழமை, காலை மணி 11.25 அளவில் உங்கள் கடைக்கு வந்த சிங்கப்பூர்க்காரரை மறந்திருக்க மாட்டீர்கள். கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில், பெட்டி பிரிக்காமல், 'விற்பனைக்கு அல்ல' என்று நீங்கள் சீட்டு ஒட்டி வைத்திருக்கும் நீலத் தகர ரோபோவை அவர் கேட்டார். அதன் சரித்திரம் எனக்குத் தெரியும். 14.6.1987 அன்று என் கணினியின் கேசட் பெட்டியைப் பழுதுபார்க்க வந்தபோது, மூடப்போகும் பொம்மைக் கடை ஒன்றில் வாங்கிய இரண்டு ரோபோக்களைக் கொண்டுவந்தீர்கள். நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. சிவப்பை ஜெகதீஸ்வரியிடம் கொடுத்தீர்கள். அவள் இரண்டே நிமிடத்தில் மூடியைக் கிழித்து, சாவி கொடுத்து, சாப்பாட்டு மேசைமேல் நடக்கவிட்டாள். அது சாம்பார்ப் பாத்திரத்தில் முட்டி நின்றது. சேகரிப்பாளர் என்ற முறையில் நான் அந்தக் காட்சியை இன்றுவரை முழுமையாக மன்னிக்கவில்லை. அது நிற்க.

"எவ்ளோனாலும் சொல்லுங்க பாஸ், எடுத்துக்கிறேன்" என்றார் சிங்கப்பூர்க்காரர்.

"விக்கிறது இல்ல சார். அது ஜோடி. ஒத்தையா குடுக்க மாட்டேன்" என்றீர்கள் நீங்கள்.

"அப்ப ஜோடியாவே குடுங்க. இன்னொண்ணு எங்க?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். என் கைக்கடிகாரப்படி மூன்று வினாடிக்கு மேல் இராது. "இன்னொண்ணு கிராமாட்ல இருக்கு சார். சின்னப் பிரச்சன. மெஷின் ஒத்துக்கல."

"பேட்டரிய மாத்திப் பாருங்க லா!" என்றார் அவர். சாவி கொடுக்கும் பொம்மைக்குப் பேட்டரி ஏது என்று அந்த மனிதரைத் திருத்தியிருக்க வேண்டியவன் நான். திருத்தவில்லை. வாங்க வந்த 1992-ஆம் ஆண்டுத் தொலைபேசி அட்டையை உங்கள் மேசையிலேயே விட்டுவிட்டு வெளியேறினேன். குடையையும் விட்டுவிட்டேன். அதைத் தயவுசெய்து எடுத்து வைக்கவும்.

அன்று மாலை மணி 5.15-க்கு, கணினி உண்மையில் என்னதான் சொன்னது என்று மறுபடி பார்த்துவிட வேண்டும் என்ற உறுதியோடு அலமாரியைத் திறந்தேன். 12.4.1986-இல் வாங்கிய அந்த ரப்பர் பொத்தான் கணினியின் நினைவகம் நாற்பத்தெட்டு கிலோபைட். ஜெகதீஸ்வரியின் கைப்பேசிக்குத் தினமும் வரும் காலை வணக்கப் பூப்படம் ஒன்று இதைவிட நான்கு மடங்கு பெரியது; ஆனால் அந்தப் பூவால் சந்திரன் எந்த நட்சத்திரத்தில் இருக்கிறான் என்று சொல்ல முடியாது. கணினி உயிரோடு இருந்தது. 'பொருத்தம் 3' என்ற கேசட்டும் பூஞ்சையைத் துடைத்தபின் தேறியது. கேசட் பெட்டிக்குள் இருக்கும் ரப்பர் வாரோ கையில் எடுத்ததும் கருப்பட்டிப் பாகாக உருகி ஒட்டியது. வேறு வழியின்றி நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்து ரப்பர் பேண்டைக் கழுவி மாட்டினேன். அது சுழன்றது, ஆனால் சற்றுத் தயங்கித் தயங்கிச் சுழன்றதோடு, சூடேறியதும் கூடமெங்கும் மீன்கறி மணத்தது. இந்தக் கேசட்டுகளில் நிரல் ஒலியாகவே பதிந்திருக்கும், அந்த ஒலியைக் கேட்டுத்தான் கணினி படிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவுக்குத் தெரியாது. தகரக் கூரைமேல் பத்துப் பூனைகள் சண்டையிடும் அந்த ஒலியை ஐந்து நாள், காலை ஒன்பது முறையும் மாலை ஒன்பது முறையும் எழுப்பினேன். நான்காம் நாள் ஜெகதீஸ்வரி வாசலிலிருந்து, "அண்ணே, பக்கத்து வீட்டம்மா கேக்குறாங்க, வீட்ல யாருக்காச்சும் உடம்புக்கு முடியலயான்னு" என்றாள். உனக்கொன்றும் இல்லையே என்று நான் கேட்டதற்கு, "எனக்கு என்னா? முப்பத்தேழு வருசமா இந்தச் சத்தம் கேக்கலியேன்னு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இறுதியில் உதவிக்கு வந்தவர் மாடியில் வாடகைக்கு இருக்கும் காமினி. பாயான் லெப்பாசில் மென்பொருள் எழுதும் பெண், நாற்பது வயது, பொறுமைசாலி. ஒலியைத் தம் மடிக்கணினியில் பதிந்து, வேகத்தைச் சீராக்கி, 12.9.2025, வெள்ளிக்கிழமை, மாலை மணி 6.40-க்கு என் நிரல் முழுவதையும் திரையில் கொண்டுவந்துவிட்டார். முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள், ஓர் எழுத்தும் சேதமில்லை. பேசிக் நிரல்மொழியில் வரி எண்களைப் பத்துப் பத்தாகத் தள்ளி எழுதுவது மரபு. பின்னால் ஏதேனும் நினைவுக்கு வந்தால் இடையில் சொருகிக்கொள்ளலாம். அந்த ஏற்பாட்டைக் காமினி மிகவும் மெச்சினார். நானும் சற்றுப் பெருமிதத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

"அங்கிள், லைன் 240-ல எட்டுன்னு போட்டிருக்கீங்களே, அது டைம் ஸோனா?"

ஆம், கிரீன்விச்சுக்கு எட்டு மணி நேரம் முன்னால் என்றேன்.

"அக்கா பொறந்தது அறுபத்து நாலுதானே? எண்பத்து ரெண்டுக்கு முன்னாடி நம்ம எட்டு இல்ல லா அங்கிள். ஏழரை."

காமினி கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு திரையை நெருங்கிப் பார்த்தார்.

"இருங்க, 235-ல ஒரு குறிப்பு சொருகி வச்சிருக்கீங்க. இங்கிலீஷ் எழுத்துல தமிழு. ஏ... ழ... 'ஏழரை வேண்டாம்'." அவர் என் பக்கம் திரும்பினார். "ஐயோ அங்கிள், தெரிஞ்சேவா பண்ணீங்க?"

தெரிந்தேதான் செய்தேன், தம்பி. இந்தக் கடிதத்தின் நோக்கமே அதை எழுதுவதுதான். நாட்டின் நேரம் மாறிய நாளை என்னைப்போல் நினைவில் வைத்திருப்பவர் இம்மாநிலத்தில் இருக்க முடியாது. 31.12.1981, வியாழன், இரவு மணி 11.30 ஆனதும் நள்ளிரவு 12.00 என்று கொள்ள வேண்டும் என அரசாங்கம் அறிவித்திருந்தது. அன்றுதான் நான் குவந்தான் அலுவலகத்திலிருந்து மாற்றலாகி வீடு வந்திருந்தேன். சரியாக 11.30-க்குக் கூடத்துச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் தள்ள நாற்காலிமேல் ஏறினால், அது ஏற்கெனவே பன்னிரண்டைக் காட்டிக்கொண்டிருந்தது. எனக்கு முன்பே அம்மா தள்ளிவிட்டார் போலும், இதுவல்லவோ நாட்டுப்பற்று என்று நெகிழ்ந்து இறங்கினேன். ஆகவே ஏழரை எனக்குத் தெரியாததல்ல. ஆனால் கல்யாணப் பொருத்தம் பார்க்கும் நிரலில், சனியின் பெயரைச் சொல்லாமல் சொல்லும் அந்த எண்ணை என் கையால் அடிக்க மனம் வரவில்லை. நம் ஊரில் யாரையாவது ஏழரை என்று சொன்னால் அடிதடி ஆகிவிடும் அல்லவா? எட்டு முழு எண். சீன நண்பர்கள் காடியின் எண் பலகைக்குக்கூடப் பணம் கட்டி வாங்கும் எண். அரை மணியில் சந்திரன் கால் பாகைதானே நகர்வான், அதில் யாருக்கு என்ன நட்டம் என்று ஏழரையை எட்டாக்கினேன். அந்தக் கால் பாகையில்தான் அஸ்தம் முடிந்து சித்திரை தொடங்கியிருக்கிறது. ஜெகதீஸ்வரி பிறந்தது 29.3.1964, ஞாயிறு, அதிகாலை மணி 3.35. பன்னிரண்டு வயதில், அழுகுரல் கேட்ட கணமே கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்து என் பள்ளி நோட்டில் நானே குறித்தது. பள்ளி வாயில் திறக்குமுன் அரைமணி நேரம் காத்து நின்ற மாணவன், ஒருநாளும் தாமதமாகச் சென்றறியாதவன் குறித்தது. ஆகவே அந்நேரத்தில் ஐயத்துக்கு இடமில்லை. எட்டில் பார்த்தால் அஸ்தம். முறைப்படி ஏழரையில் பார்த்தால், நட்சத்திரம் மாறிப் பதின்மூன்று நிமிடம் கடந்துவிட்டது. அவள் சித்திரை. தலை ரஜ்ஜு. நீங்கள் எப்படிப் பார்த்தாலும் திருவோணத்தின் நட்டநடுவில் பிறந்தவர், கழுத்து ரஜ்ஜு. தலை வேறு, கழுத்து வேறு. தட்டவே இல்லை. 1982-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு மட்டும் என் நிரல் மிகச் சரியாகப் பொருத்தம் பார்த்திருக்கும். 1988-இல் அவர்களில் மூத்தவருக்கு வயது ஆறு. இதே நிரலில் எனக்காகவும் பத்தொன்பது சாதகங்களைப் பொருத்திப் பார்த்து, ஒன்றும் தேறவில்லை என்று தனியாகவே இருந்துவிட்டேன். அதை இங்கே விரிக்க விரும்பவில்லை. இது உங்கள் கடிதம்.

ஆகவே, கடித எண் 1, மூன்றாம் பத்தி, இரண்டாம் வரியில் 'பொருந்தாது' என்றிருப்பதைப் 'பொருந்தும்' என்று திருத்தி வாசிக்கக் கேட்டுக்கொள்கிறேன். இடையில் கழிந்த முப்பத்தேழு ஆண்டு இருபத்து நான்கு நாள்களை எப்படித் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அவற்றுக்கு இடையில் சொருக வரி எண் இல்லை. ஜெகதீஸ்வரிக்கு இன்றோடு வயது அறுபத்தொன்று, மாதம் ஐந்து, நாள் பதினாறு. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். அந்தச் சிவப்பு ரோபோவுக்குத் தீபாவளிக்குத் தீபாவளி எண்ணெய் விடுகிறாள். நான் இதை எழுதுவது அவளுக்குத் தெரியாது. உங்கள் எண்ணம் இன்னும் அதுவாகவே இருக்குமானால் ஒரு வரி எழுதுங்கள். தட்டோடு இம்முறை நான் வருகிறேன். இல்லையென்றால், கோபமாக ஒரு வரி எழுதுங்கள். அதுவும் எனக்கு வர வேண்டியதே. அதன்பின் முதல் சனிக்கிழமைகளில் உங்கள் கடைப்பக்கம் வந்து உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: மெஷின் அன்று சரியாகத்தான் இருந்தது. நீங்கள் பழுதுபார்த்ததில் குறையே இல்லை. குறை அதை எழுதியவனிடம்.

உங்கள் கடையில் ஈரம் ஏறாமலும், பழைய பேட்டரிகள் கசியாமலும், ஒரு பொம்மையின் சாவியும் தொலையாமலும் தண்ணீர்மலை முருகன் காத்தருள்வானாக. தனலெட்சுமி அம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். 1988-இல் அவர் விட்டுச்சென்ற எவர்சில்வர் தட்டு பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
மாறா அன்புடன்,
ச. தெய்வநாயகம்
(ஓய்வு பெற்ற பதிவேட்டுக் குமாஸ்தா)
முடித்த நேரம்: காலை மணி 10.35

பி.கு. (காலை மணி 11.10)

மேலே எழுதியது முழுவதும் தவறு. மை உலர்வதற்காகக் கடிதத்தைக் காற்றாடிக்குக் கீழே விரித்து வைத்துவிட்டு முகம் கழுவப் போயிருந்தேன். திரும்பி வந்தால் ஜெகதீஸ்வரி மூக்குக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்து ஐந்தாம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, மூணு முப்பத்தஞ்சுன்னு எழுதியிருக்கீங்களே, எந்தக் கடிகாரத்துல பாத்தீங்க?"

கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில்தான், வீட்டில் வேறு கடிகாரம் ஏது என்றேன்.

"அதான. அது அரை மணி வேகமா வச்ச கடிகாரம்ணே."

யார் வைத்தது?

"அம்மாதான். உங்கள ஸ்கூலுக்குக் கெளப்புறதுக்கு. சட்ட பட்டன் போட்டு, கழட்டி, மறுபடி நேரா போடவே உங்களுக்கு அரை மணி ஆகுமாம். நீங்க சேந்த வருசமே முள்ளத் தள்ளி வச்சிட்டாங்க. உங்ககிட்ட சொல்லிராதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்குனாங்க. மனசு ஒடிஞ்சிருவான்னாங்க."

31.12.1981 அன்று அந்தக் கடிகாரம் பன்னிரண்டைக் காட்டிக்கொண்டிருந்தது நாட்டுப்பற்றினால் அல்ல என்பது, 14.9.2025 காலை மணி 10.48-க்கு எனக்குத் தெரிய வந்தது. பள்ளி வாயிலில் பன்னிரண்டு ஆண்டுகள் அரைமணி நேரம் காத்து நின்றதன் காரணமும் அப்போதே தெரிந்தது. காமினியை மாடியிலிருந்து அழைத்து, உண்மையான பிறந்த நேரமாகிய 3.05-ஐ ஏழரையில் ஓட்டச் சொன்னேன். 3.35-இலிருந்து எட்டைக் கழித்தாலும் 3.05-இலிருந்து ஏழரையைக் கழித்தாலும் ஒரே விடை. "ரெண்டு தப்பும் ஒண்ணையொண்ணு கேன்சல் பண்ணிருச்சு அங்கிள். எங்க ஆபீஸ்ல இப்டித்தான் பல வருசம் ஓடும்" என்றார். ஜெகதீஸ்வரி அஸ்தமேதான். கழுத்து ரஜ்ஜுவேதான். கடித எண் 1 எழுத்துக்கு எழுத்துச் சரி; இந்தக் கடித எண் 2 செல்லாது.

இதை அவளிடம் சொல்லி, கிழிப்பதற்காகக் கடிதத்தைக் கேட்டேன். கொடுக்கவில்லை.

"செல்லும். நான் கொண்டு போனா செல்லும்."

"கழுத்து ரஜ்ஜு இருக்கிறதே அம்மா."

"தாலி கட்டுனாதானண்ணே கழுத்து? ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துதான? கைக்கு எதாச்சும் ரஜ்ஜு இருக்கா, பாத்துச் சொல்லுங்க."

பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். பாதம், தொடை, வயிறு, கழுத்து, தலை என ஐந்து ரஜ்ஜுக்களே கொடுக்கப்பட்டுள்ளன. கை விடுபட்டிருக்கிறது. இருமுறை சரிபார்த்தேன், இம்முறை வெவ்வேறு பஞ்சாங்கங்களில்.

"முந்தாநாளே தெரியும்ணே, மாடியில நீங்க பேசுனது அத்தனையும் கீழ கேட்டுச்சு" என்று சொல்லிக்கொண்டே மாம்பழ நிறச் சேலையின் மடிப்பைச் சரிசெய்கிறாள். அந்த நீல ரோபோவின் பெட்டியை நீங்கள் பிரிக்காவிட்டால் தானே பிரித்துவிடப் போவதாகவும் உங்களிடம் எழுதச் சொல்கிறாள். சேகரிப்பாளர் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடு இல்லை, ஆனால் எழுதிவிட்டேன். கைப்பேசியில் அழைத்த காடி வாசலுக்கு வந்துவிட்டது, ஒலி எழுப்புகிறார்கள், ஆகவே இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

இணைப்புகள்:

1. 8.8.1988 தேதியிட்ட அச்சுத்தாள், மூலம் (ஒரு தாள்).
2. 'பொருத்தம் 3' கேசட் (ஒன்று). மறுபக்கத்தில் ஜெகதீஸ்வரி வானொலிப் பாடல்களைப் பதிந்திருக்கிறாள். அதைக் கணினியில் ஏற்ற வேண்டாம்.
3. நிரலின் 200 முதல் 260 வரையுள்ள வரிகள், திருத்தாதது (ஒரு தாள்).
4. எவர்சில்வர் தட்டு (ஒன்று).
5. தகர ரோபோ, சிவப்பு (ஒன்று). பெட்டி இல்லை, சாவி உண்டு, நடக்கிறது.
6. ஜெகதீஸ்வரி, நேரில் (ஒருவர்).

1 முதல் 3 வரையுள்ள இணைப்புகளை மட்டும் 4.10.2025, சனிக்கிழமைக்குள் திருப்பித் தரவும்.